சொல்லாமல் எழும்பிய ஞாயிற்றுக்கிழமை

என் பரமேஸ் அக்காவுக்கு, நீங்கள் ஒருவர் மட்டும் பேபி என்று கூப்பிட்ட உங்கள் தங்கச்சி எழுதுவது.

நாளை மறுநாள் உங்கள் ஆட்டைத் திவசம். ஒரு வருடம் ஓடிவிட்டது. நினைவஞ்சலி போட உங்கள் படத்தைப் பத்திரிகைக் கந்தோருக்குக் கொண்டு போனேன். அங்கிருந்த பிள்ளை ஒரு கொப்பியைத் திறந்து, "அன்ரி, உதிலை பிடிச்ச பாட்டு ஒண்டைச் சொல்லுங்கோ, படத்துக்குக் கீழை போடுவம்" என்றாள். அம்மாவுக்கு ஏழெட்டு இருந்தது, அப்பாவுக்கு இருந்தது, கணவருக்கு இருந்தது. அக்காவுக்கு ஒன்றும் இல்லை. அம்மா பாட்டில் அம்மாவை எடுத்துவிட்டு அக்காவைப் போடலாமாம். அது உங்கள் காதில் விழுந்திருந்தால் அந்தக் கந்தோர் இரண்டுபட்டிருக்கும். நான் கொப்பியை மூடிக் கொடுத்துவிட்டு, பாட்டு வேண்டாம், கடிதமாக எழுதித் தருகிறேன், இடம் தாருங்கள் என்று கேட்டுவிட்டு வந்தேன்.

ஊர் வாசிக்கத்தான் எழுதுகிறேன். ஊருக்கு நான் ஒரு கதை சொல்லி வைத்திருக்கிறேன். அக்கா முதியோர் இல்லத்தில் நன்றாகப் பழகிவிட்டா, சந்தோசமாக இருந்தா, நித்திரையிலே நிம்மதியாகப் போனா என்பதுதான் அந்தக் கதை. செத்தவீட்டுக்கு வந்த எல்லோருக்கும் அதைத்தான் சொன்னேன். அது பொய். பொய்யைக் கேட்டவர்கள் உண்மையையும் கேட்கட்டும்.

உங்களைத் தெரியாதவர்களும் வாசிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவர். முப்பது வருடத்துக்கு மேல் கந்தோரில் எழுதுவினைஞர் வேலை. கல்யாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, "நேரம் கிடைக்கேல்லை" என்பீர்கள். இணுவிலில் எங்கள் அப்பாவின் வீட்டை எனக்குச் சீதனமாக எழுதியபோது சாட்சிக் கையெழுத்து வைத்தது நீங்கள்தான். பிறகு அதே வீட்டில் எங்களோடேயே இருந்தீர்கள். என் மகன் ரூபன் கனடாவுக்குப் போனான், என் கணவர் ஒரேயடியாகப் போனார். கடைசியில் அந்த வீட்டில் நீங்களும் நானும் மட்டும் மிஞ்சினோம். கறிக்கு உப்புக் கூடிவிட்டது என்று ஒரு நேரமும், குறைந்துவிட்டது என்று மறு நேரமும் சண்டை பிடித்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தோம்.

அதற்குப் பிறகுதான் கிணற்றடியில் வழுக்கி விழுந்தீர்கள். இடுப்பெலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரி, ஒப்பரேஷன், பிறகு அந்த நாலு கால் வோக்கர். உங்களைத் தூக்கிக் குளிக்க வார்க்க என் முழங்கால் இடம் கொடுக்காது என்று எல்லோருக்கும் சொன்னேன். மானிப்பாய்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. பேர் வேண்டாம், அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. "மூண்டு மாதம்தான் அக்கா, கால் தேறினோடனை வந்து கூட்டிக்கொண்டு போறன்" என்றேன். "இது ஆரின்ரை வீடெண்டு எனக்குத் தெரியும்" என்றீர்கள். அவ்வளவுதான். அலுமாரியைத் திறந்து, சேலைகளை மடித்து, பையில் நீங்களே வைத்தீர்கள். நான் உதவிக்கு வந்தபோது கையைத் தட்டிவிட்டீர்கள்.

அந்த இடத்தில் ஒன்பது மாதம் இருந்தீர்கள். ஒரு நாளாவது அதை "இஞ்சை" என்று சொன்னீர்களா? "உந்த இடத்திலை சாம்பாறு சரியில்லை", "உங்கை மின்விசிறி சத்தம்." நீங்கள் இருக்கிற இடத்தை, நான் இருக்கிற இடம் மாதிரி எனக்கே தள்ளிவிடுவீர்கள். கட்டிலில் இருந்துகொண்டே, "இந்தக் கட்டில்" என்னாமல், என் பக்கத்துக் கட்டில் போல "உந்தக் கட்டில்" என்று சொல்ல உங்களால்தான் முடியும். நான் அப்போது சிரித்தேன்.

ஒவ்வொரு ஞாயிறும் ஓட்டோ பிடித்து வந்தேன், அதை நீங்களும் இல்லையென்று சொல்ல மாட்டீர்கள். கப்பல் வாழைப்பழம், பேப்பர், உங்களுக்குப் பிடித்த மிளகாய்ப்பொரியல். ஞாயிற்றுக்கிழமை என்றால் அங்கே எல்லோரும் காலையிலேயே தலை இழுத்து, பவுடர் போட்டு, விறாந்தைக் கதிரைகளில் வந்து இருந்துவிடுவார்கள். ஆள் வருகிறவர்களும் இருப்பார்கள், ஐந்து வருடமாக ஒருவரும் வராதவர்களும் இருப்பார்கள். கேற் திறக்கிற சத்தம் கேட்டால் அத்தனை முகமும் திரும்பும். என்னைக் கண்டதும் உங்கள் முகம் தவிர மற்ற எல்லாம் பழையபடி முன்னால் பார்க்கும். அந்தப் பத்து அடி தூரத்தை நடந்து வர எனக்கு எப்போதும் கூச்சம்.

உங்கள் பக்கத்துக் கட்டில் புத்தூர் செல்லம்மாக்கா. தோட்டத்தில் வெங்காயமும் புகையிலையும் செய்த கை, அதனால் எதையும் பிடித்தால் விடமாட்டா. மூன்று பிள்ளைகளும் வெளிநாட்டில். நீங்கள் இரண்டு பேரும் நாள் முழுக்கக் கொழுவிக்கொண்டு, நான் வந்ததும் ஆளை ஆள் பற்றிக் குறை சொல்வீர்கள்.

வந்ததெல்லாம் சரி. வெளிக்கிடுவதுதான் பெரும்பாடு.

நம் ஊரில் ஒருவரும் "போறன்" என்று சொல்லி எழும்புவதில்லை. சந்திக் கடைக்குப் போனாலும் கடல் தாண்டிப் போனாலும் "போட்டு வாறன்" தான். போய்விட்டுத் திரும்பி வருகிறேன் என்று சொல்லாமல் யாராவது படி இறங்கினால், அம்மா திரும்பக் கூப்பிட்டு, இருத்தி, தண்ணீர் குடிக்கத் தந்து, மறுபடி சொல்லவைத்துத்தான் அனுப்புவா. சொல்லாமல் எழும்பிப் போகிற இடம் ஒன்றே ஒன்றுதான், செத்தவீடு. அங்கே "வாறன்" என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். எனக்கு ஆறு வயதிருக்கும்போது, அப்பாவின் சிநேகிதர் ஒருவரின் செத்தவீட்டில் நான் நல்ல பிள்ளையாக "போட்டு வாறம்" என்று சத்தமாகச் சொன்னேன். நீங்கள் தொடையில் கிள்ளிய இடம் இரண்டு நாள் நீலமாக இருந்தது. அந்த முறையை எனக்குப் படிப்பித்ததே நீங்கள்தான்.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில், நாலு மணிக்கு எழும்பி, முறைப்படி "போட்டு வாறன் அக்கா" என்பேன். நீங்கள் உடனே வோக்கரைப் பிடித்து எழும்புவீர்கள். "பொறு, நானும் வாறன்."

"அக்கா, கால் இன்னும் தேறேல்லை."

"தேறீட்டுது. நீ பார்." விறாந்தையில் ஐந்து அடி நடந்து காட்டுவீர்கள்.

"டொக்டர் சொல்லோணும்."

"டொக்டரே எனக்குச் சோறு போடுறார்? பேய்க்கதை கதையாமல் ஓட்டோவைக் கூப்பிடு."

விறாந்தையே பார்த்துக்கொண்டிருக்கும். நான் ஏதோ பொய் சொல்லி, அடுத்த கிழமை என்று சொல்லி, ஓடாத குறையாக வெளியே வருவேன். மூன்று மாதம் நாலாகி, ஐந்தாகி, எட்டானது. உங்கள் கால் உண்மையாகவே தேறிவிட்டது. அது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் நடந்து காட்டுகிற தூரம் கூடிக்கொண்டே போனது.

அந்த நேரத்தில்தான் இல்லத்துக்குப் பொறுப்பான பிள்ளை என்னை ஒரு பக்கம் கூப்பிட்டாள். எல்லோரும் மிஸ் என்று கூப்பிடுகிற, பொறுமையான பிள்ளை. "அன்ரி, குறை நினையாதேங்கோ. வாற எல்லாருக்கும் சொல்லுறன். போகேக்கை 'வாறன்' எண்டு சொல்லாதேங்கோ. அவை அதைப் பிடிச்சுக்கொண்டு கேற்றடியிலை நிக்கினம். சாப்பிடக் கூப்பிட்டாலும் வருகினமில்லை. தேத்தண்ணி குடிக்கிற நேரமாப் பாத்து மெல்லமா எழும்பிப் போங்கோ. கொஞ்ச நேரத்திலை மறந்துபோடுவினம்."

அவள் சொன்னது மறதிக்காரருக்கு. அதில் பிழை இல்லை. காலையில் வந்த மகனைப் பின்னேரம் மறந்துவிட்டு, அவன் சொன்ன "வாறன்" என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு வெயிலில் நிற்கிறவர்களை நானும் கண்டிருக்கிறேன். ஆனால் உங்களுக்கு மறதி எங்கே இருந்தது? கந்தோரில் யார் எந்த வருடம் எந்த மேசையில் இருந்தார்கள் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். காலுக்கு வந்த ஆளுக்கு மறதிக்கு உரிய மருந்தைக் கொடுத்தேன். தெரியாமல் கொடுக்கவில்லை அக்கா. அவள் சொல்லி முடிக்கும்போதே எனக்கு உடம்பு லேசானது. இனி அந்த நாலு மணிச் சண்டை இல்லை என்று நினைத்தேன்.

அந்த ஞாயிறு தேத்தண்ணி வந்தது. நீங்கள், "இரு, உனக்கெண்டு பணிஸ் ஒண்டு எடுத்து வைச்சனான்" என்று சொல்லிவிட்டு அந்த இனிப்பு ரொட்டியை எடுக்க உள்ளே போனீர்கள். கட்டிலடிக்குப் போய் வர உங்களுக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும். வோக்கர் தரையில் ஊன்றுகிற சத்தம் தள்ளித் தள்ளிப் போவதைக் கேட்டுக்கொண்டே நான் எழும்பினேன். செருப்புப் போட்டால் சத்தம் கேட்கும் என்று செருப்பைக் கையில் எடுத்தேன். அறுபத்தைந்து வயதுப் பெண், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, சொந்த அக்காவுக்கு ஒளித்து, வெறுங்காலோடு அந்த முற்றத்துச் சரளைக் கல்லில் நடந்து போனேன். விறாந்தையில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

அடுத்த ஞாயிறு பயந்துகொண்டுதான் வந்தேன். திட்டுவீர்கள் என்று நினைத்தேன், திட்டவில்லை. வெங்காய விலை கேட்டீர்கள். முருங்கை காய்த்ததா என்று கேட்டீர்கள். கால் தேறியதைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் தேத்தண்ணி நேரத்தில் மெல்ல எழும்பினேன், நீங்கள் பேப்பருக்குள் முகத்தை வைத்திருந்தீர்கள். மிஸ் கேற்றடியில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பாத்தீங்களே அன்ரி, இப்ப பழகீட்டா" என்றாள். நான் வீட்டுக்கு வந்து ரூபனுக்கு அதையே சொன்னேன். பழகிவிட்டா, இனிப் பிரச்சினை இல்லை என்று சொன்னேன். எவ்வளவு சந்தோசமாகச் சொன்னேன் என்று நினைத்தால் என் வாயிலேயே அடிக்க வேண்டும் போலிருக்கிறது.

மூன்றாவது ஞாயிறு, நான் எழும்பும்போது உங்கள் கண் மூடியிருந்தது. நித்திரை என்று நினைத்தேன். இப்போது ஒரு வருடமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நித்திரையா அக்கா? இல்லாவிட்டால் நான் எழும்ப வசதியாக இருக்கட்டும் என்று மூடினீர்களா?

அந்தப் புதன்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழும்பவில்லை என்று மிஸ் தொலைபேசி எடுத்தாள். இருதயம் என்று எழுதித் தந்தார்கள். உங்களை வீட்டுக்குக் கொண்டு வந்தோம். ஒன்பது மாதமாக வருகிறேன் வருகிறேன் என்று நடந்து காட்டிய வீட்டுக்குக் கடைசியில் கூட்டி வந்தேன், விறாந்தையில் கிடத்தினேன். ஊர் வந்தது, அழுதது. தேத்தண்ணி குடித்துவிட்டு ஒவ்வொருவராக எழும்பி, என்னிடம் ஒன்றும் சொல்லாமல் போனார்கள். முறைதான். அன்றைக்கும் எனக்கு மண்டைக்குள் ஒன்றும் ஏறவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, உங்கள் பேரில் இல்லத்துக்கு மத்தியானச் சாப்பாடு கொடுத்தேன். நானே பரிமாறினேன். செல்லம்மாக்காவின் தட்டில் இரண்டாம் தரம் சோறு வைக்கும்போது, "கொக்கா ஒரு கதை சொன்னவ, சொல்லட்டோ?" என்று உங்களைப் பற்றிக் கேட்டா. சொல்லுங்கோ என்றேன்.

"அண்டைக்கு நீ செருப்பைத் தூக்கிக்கொண்டு போனாய் எல்லே. கொக்கா பணிஸோடை வந்து பாத்தவ. கதிரையைப் பாத்தவ, கேற்றைப் பாத்தவ. பேந்து பணிஸை என்னட்டைத் தந்திட்டு இருந்தவ. 'செல்லம்மா, பேபி சொல்லாமல் போட்டாள். செத்தவீட்டிலை இருந்துதானே சொல்லாமல் எழும்பிப் போறது. எனக்கு இப்பதான் விளங்குது' எண்டவ."

"பிறகு?"

"பிறகென்ன. பிறகு என்னோடை கொழுவேல்லை." செல்லம்மாக்கா சோற்றைப் பிசைந்தா. "உன்னிலை பிழை சொல்லேல்லை பிள்ளை. கேட்டது நெஞ்சுக்கை கிடந்தது, சொன்னன். கொஞ்சம் பருப்பு விடு."

நான் பருப்பு விட்டேன். மற்ற எல்லோருக்கும் பரிமாறினேன். பாயாசமும் கொடுத்தேன். கை தானாக வேலை செய்தது. வீட்டுக்கு வந்து கிணற்றுக் கட்டின் மேல் இருந்தபோதுதான் விளங்கியது. நான் சொல்லாமல் போனதும் நீங்கள் உங்களைப் பிணம் என்று எண்ணிவிட்டீர்கள். அதற்குப் பிறகு வந்த இரண்டு ஞாயிறும் நான் பார்க்க வந்தது ஒரு செத்தவீட்டுக்கு. அதனால்தான் அவ்வளவு அமைதி. அதைத்தான் நான் "பழகீட்டா" என்று ஊர் முழுக்கச் சொன்னேன்.

இருதயம் என்று எழுதித் தந்த கடதாசி அலுமாரியில் இருக்கிறது. அதை எடுத்து எத்தனை தரம் வாசித்தாலும் எனக்கு ஆறுதல் வரவில்லை.

இன்னும் முடியவில்லை, கேளுங்கள். எல்லாவற்றிலும் கேடான பகுதி இனித்தான். உங்கள் காலும் என் முழங்காலும் நான் சொன்ன வெறும் சாட்டு. நீங்கள் விழுவதற்கு முதலே ரூபன் என்னைக் கனடாவுக்குக் கூப்பிடக் கடதாசி போட்டுவிட்டான். என்னை மட்டும். "பெரியம்மாவைப் போடேலாது அம்மா, அம்மா அப்பாவைத்தான் கூப்பிடலாம்" என்றான். அந்தப் பிள்ளைக்கு நடை பழக்கியதே நீங்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி, பாப்பம்" என்றேன். பிறகு உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அவன் தொலைபேசி எடுத்தால் கிணற்றடிக்குப் போய் நின்று கதைத்தேன். நீங்கள் விழுந்த அன்று, ஆஸ்பத்திரி வாங்கில் குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தேன். பொய் அழுகை இல்லை. ஆனால் அந்த அழுகைக்குள்ளேயே, எங்கோ ஒரு மூலையில், ஒரு நிம்மதி வந்தது. உங்களை ஓர் இடத்தில் விட ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்ற நிம்மதி. நான் போகிற நேரம் உங்களுக்கு அந்த இடம் பழகியிருக்கும் என்று கணக்குப் போட்டேன். உங்கள் காலைப் பார்த்து அழுதுகொண்டே போட்ட கணக்கு.

முப்பது வருடம் கந்தோரில் கோவை பார்த்த ஆள் நீங்கள். கிணற்றடியில் நின்று கதைக்கிற தங்கச்சியைப் பார்த்து உங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லையா? "எனக்கு இப்பதான் விளங்குது" என்றீர்களாமே, எது விளங்கியது? செருப்பைத் தூக்கிக்கொண்டு போனது மட்டுமா, இதுவுமா? இதைக் கேட்க எனக்கு ஆள் இல்லை.

இந்த ஒரு வருடமும் ஞாயிற்றுக்கிழமைகளில் செல்லம்மாக்காவிடம் போனேன். புண்ணியத்துக்கு இல்லை, அப்படி யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. எனக்கு வேறு போக இடம் இல்லை. உங்கள் கட்டிலில் இப்போது வேறொருவர் இருக்கிறா. பேசமாட்டா, யன்னலையே பார்த்துக்கொண்டு இருப்பா. நான் கேற்றைத் திறந்தால் முகங்கள் திரும்பும். இப்போது ஒரு முகம் திரும்பினபடியே நிற்கிறது, அது செல்லம்மாக்காவின் முகம். நாலு மணிக்கு அவவின் கையைப் பிடித்து "போட்டு வாறன் அக்கா" என்று சொல்லித்தான் எழும்பினேன். மிஸ் சொல்லாதேங்கோ என்று மறுபடி சொல்லிப் பார்த்தாள். நான் நிறுத்தவில்லை.

விசா வந்துவிட்டது அக்கா. வெள்ளிக்கிழமை கொழும்புக்குப் போகிறேன், ஞாயிறு விமானம். மாட்டேன் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. வீட்டில் தனியே கிடந்து விழுந்தால் தூக்க ஆள் இல்லை. அங்கே போனாலும் என்னை வைத்துப் பார்க்க அவர்களுக்கு நேரம் இருக்குமா தெரியாது. எங்கே போனாலும் ஒன்றுதான் என்று தெரிந்துகொண்டுதான் போகிறேன்.

நேற்றுச் செல்லம்மாக்காவிடம் கடைசியாகப் போனேன். வழி முழுக்க யோசித்துக்கொண்டு போனேன். வழமைபோல் "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடலாமா? அடுத்த ஞாயிறு பவுடர் போட்டுக்கொண்டு வந்து இருப்பாவே. சொல்லாமல் வர என்னால் முடியாது. அது ஒரு தரம் போதும்.

வாழைப்பழம் உரித்துக் கொடுத்துவிட்டு, விசயத்தைச் சொன்னேன். அவ பழத்தைச் சாப்பிட்டு முடித்தா.

"எத்தினை நாளைக்கு?"

"இடைக்கிடை வருவன் அக்கா. வந்து உங்களைப் பாப்பன்."

"உனக்கு எத்தினை வயது?"

"அறுபத்தாறு."

"எனக்கு எண்பத்தொண்டு. நீ எங்கை வாறது, நான் எங்கை இருக்கிறது." தோலை என் கையில் தந்தா. "என்ரை பிள்ளையள் மூண்டும் 'போட்டு வாறன் அம்மா' எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனதுகள். கடைசியாள் போய்ப் பதினெட்டு வருசம். அந்தச் சொல்லை நம்பி நான் இருந்தது போதும். நீ எனக்கு உள்ளதைச் சொல்லு."

"என்னண்டு சொல்லுறது?"

"போறன் எண்டு சொல்லு."

அக்கா, அறுபத்தாறு வருடத்தில் ஒருவர் முகத்தைப் பார்த்து நான் அந்தச் சொல்லைத் தனியே சொன்னதில்லை. அபசகுனம் என்று சொல்லி வளர்த்த வாய். அவ என் கையை விடவில்லை, புகையிலைக்குத் தண்ணி இறைத்த கை, நல்ல பலம். விறாந்தை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில், "செல்லம்மாக்கா, நான் போறன்" என்றேன்.

"ஓம். போ" என்றா. கையை விட்டா.

அவ அழவில்லை. எனக்குப் பின்னால் ஒருவரும் கூப்பிடவும் இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, சத்தம் கேட்கவே நடந்து, கேற்றுக்கு வெளியே வந்து மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓட்டோக்காரத் தம்பி இறங்கி வந்து, "என்ன அன்ரி, சுகமில்லையோ?" என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். அடுத்த ஞாயிறு அவ தலை இழுப்பாவா, பவுடர் போடுவாவா, முகத்தை முன்னால் வைத்துக்கொண்டு இருப்பாவா, எனக்குத் தெரியாது. நான் செய்தது நல்லதா கெட்டதா என்றும் தெரியாது. ஒன்று தெரியும், அவவிடம் ஒளிக்கவில்லை.

உங்களிடம்தான் ஒளித்தேன். அதனால் அன்றைக்கு நான் செருப்பை எடுக்காமல், நீங்கள் பணிஸோடு திரும்பி வரும்வரை இருந்து, முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். ஊரும் கேட்கட்டும். அக்கா, நான் கனடாவுக்குப் போறன். உங்களைக் கூட்டிக்கொண்டு போகேலாது. அதுக்குத்தான் உங்களை இஞ்சை கொண்டுவந்து விட்டனான். கால் சாட்டு. உங்கடை கால் தேறீட்டுது, நான் பாத்தனான். உங்களைத் திரும்ப வீட்டை கூட்டிக்கொண்டு போற எண்ணம் எனக்கு இருக்கேல்லை.

இதைக் கேட்டிருந்தால் நீங்கள் என்னைக் கிழித்திருப்பீர்கள். கோதாரியிலை போவாள் என்று விறாந்தை அதிரக் கத்தியிருப்பீர்கள். ஒரு கிழமை சாப்பிட்டிருக்க மாட்டீர்கள், செல்லம்மாக்காவோடு நாள் முழுக்கக் கொழுவியிருப்பீர்கள். என்னை மன்னித்திருக்கவும் மாட்டீர்கள். ஆனால் கோபத்தோடு உயிரோடு இருந்திருப்பீர்கள்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமும் இல்லை, தந்து பழக்கமும் உங்களுக்கு இல்லை. ஒரு சத்தியம் மட்டும் செய்கிறேன். ரூபனும் ஒரு நாள் என்னை ஓர் இடத்தில் கொண்டுபோய் விடுவான். குளிரும் பனியுமாக, ஒரு சொல் தமிழ் கேட்காத இடமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வருவான், நேரத்தைப் பார்ப்பான். எப்படி எழும்புவது என்று தெரியாமல் முழுசுவான். அப்போது நான் கண்ணை மூடிக்கொண்டு நித்திரை மாதிரிக் கிடக்க மாட்டேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, "என்னட்டைச் சொல்லிப்போட்டுப் போ ராசா, எதெண்டாலும் சொல்லு, நான் இன்னும் சாகேல்லை" என்று சொல்வேன்.

உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லாத,
உங்கள் கூடப் பிறந்த ஒரே தங்கச்சி,
பேபி.